ஆர்தரின் ஜட்டியும் நம்முடைய வீராப்பும்

போன மாதம் தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். புத்தகப் பேச்சு எப்படியோ வீடியோ கேம் பக்கம் திரும்பியது. 2021இல் வந்த ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்லின்ஸ் ரிசரக்‌ஷன்’ ஆட்டத்தை ‘பேஜ்’ நிலையில், அதாவது இருப்பதிலேயே சுலபமான நிலையில், முடித்தேன் என்று சொல்லித் தொலைத்தேன். “அதெல்லாம் ஒரு ஆட்டமா? மொத ஆட்டத்த முடிச்சியா, அதச் சொல்லு” என்றார் நண்பர். மேசையே சிரித்தது. அன்றைக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

முதல் ஆட்டம் 1985இல் கேப்காம் ஆர்கேடுக்காகச் செய்தது. இயக்கியவர் தொக்குரோ ஃபுஜிவாரா. ஆர்தர் என்ற வீரன் இளவரசியை மீட்கக் கல்லறைத் தோட்டத்தில் ஓடத் தொடங்குகிறான். ஒரு அடி பட்டால் கவசம் சிதறி ஜட்டியோடு நிற்பான். இன்னொரு அடி பட்டால் எலும்புக்கூடு. குதித்துவிட்டால் நடு வானத்தில் திசை மாற்ற முடியாது. ரெட் அரிமர் என்ற சிவப்புப் பிசாசு நம் ஈட்டிக்கு விலகி விலகிப் பறக்கும். கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். இத்தனையும் தாண்டிக் கடைசிக்குப் போனால், “இது சாத்தான் காட்டிய மாயை, மறுபடியும் முதலிலிருந்து வா” என்று திருப்பி அனுப்பிவிடும்.

இதைத்தான் நண்பர் தூய்மை என்கிறார். எனக்கு இதில் பாதி கல்லாப்பெட்டிக் கணக்காகத் தெரிகிறது. ஒரு காசைப் போட்டு ஒருவன் ஒரு மணி நேரம் ஆடினால் ஆர்கேடுக்காரருக்கு நஷ்டம். அவன் சீக்கிரம் சாகணும், இன்னொரு காசு போடுகிற ஆசையோடும் சாகணும். 1986இல் ஃபேமிகாமுக்கு இது வந்தபோது காசு போடும் துளை காணாமல் போனது, கொடுமை மட்டும் அப்படியே கூட வந்தது. யாருடைய வியாபாரத்துக்காகவோ வைத்த பூட்டை நாம் கோபுரம் என்று கும்பிடுகிறோம்.

1988இன் ‘கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ்’ மேலேயும் கீழேயும் ஆயுதம் வீச விட்டது. பெட்டியைத் திறந்தால் மந்திரவாதி நம்மைக் கிழவனாகவோ வாத்தாகவோ ஆக்கிவிடுவான். அடி வாங்கினாலும் சிரிப்பு வரும்.

என்னைக் கேட்டால் வரிசையின் உச்சம் 1991இன் ‘சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ்’. மேலே வீசுவதை எடுத்துவிட்டு இரட்டைக் குதியைக் கொடுத்தார்கள். முதல் குதியில் செய்த தப்பை இரண்டாவது குதியில் திருத்தலாம், இல்லையென்றால் இரண்டு மடங்காக்கலாம். இதுவும் கொல்லும், இதிலும் இரண்டு சுற்று உண்டு. ஆனால் ஒவ்வொரு சாவிலும் நான் எடுத்த முடிவு இருக்கும். அதனால் மறுபடி எழுந்து போகத் தோன்றும். 2006இன் பிஎஸ்பி ஆட்டம் மோதிரம் பொறுக்கவிட்டே அலுக்க வைத்தது, அதை விடுங்கள்.

இனி ரிசரக்‌ஷன். இதையும் இயக்கியவர் அதே ஃபுஜிவாராதான். லெஜண்ட், நைட், ஸ்குவயர், பேஜ் என்று நான்கு நிலை. பேஜில் செத்த இடத்திலேயே எழலாம். பயம் குறைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது இழப்புதான். ஆனால் பூட்டியவரே சாவியையும் கொடுத்த பிறகு, “அந்தச் சாவியைத் தொடாதே” என்று வாசலில் நின்று கத்த நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் மைக்ரோ ஜீனியஸ் பெட்டியைச் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்தார். அந்தச் சந்தையையே 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். வீவக வீட்டு வரவேற்பறையில் மாறி மாறி ஆடுவோம். முதல் கட்டத்தைத் தாண்டியதாக நினைவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் வலது கட்டைவிரல் தாமதமாகத்தான் வரும். ரிசரக்‌ஷனில் இரண்டாம் ஆள் பறந்துவரும் துணையாக ஆடலாம். அதில் ஆர்ச்சி என்பவர் வெறும் காற்றில் பாலம் போடுவார். அப்பாவுக்கு அவர்தான். நான் எங்கே குதிக்கப் போகிறேன் என்பதை முன்கூட்டியே ஊகித்தால் போதும், விரல் தாமதமானாலும் பாலம் வந்துவிடும். பேஜ் இல்லையென்றால் அந்த வரவேற்பறை எனக்குத் திரும்பக் கிடைத்திருக்காது.

இதே சிரிப்பை நம் வாசிப்புக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளிப் பையன் ஒருவன் ஒரு நாவலைப் பிடித்திருந்தது என்றான். “அது ஆரம்ப வாசகர்களுக்கு” என்றார் ஒரு பெரியவர். வீட்டில் ஆங்கிலம் பேசி, தமிழில் முந்நூறு பக்கம் படித்து வந்த பிள்ளை அவன். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அன்று நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அப்பாவும் நானும் ஸ்குவயரில் ஆரம்பித்திருக்கிறோம், இரண்டாம் கட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். கோப்பிக்கடை நண்பர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம். ஆனால் இருவர்தான் ஆட முடியும். அப்பா எழுந்து இடம் கொடுப்பாரா, தெரியாது.