இரண்டு சதுர மீட்டர்

ஒரு மாட்டைப் பட்டினி போட்டால், வதைபடும்படி கட்டி வைத்தால், தாங்காத பாரம் ஏற்றி அடித்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. கொல்வதும் ஊனமாக்குவதும் வேறு சட்டத்தில் கடுங்குற்றம். அன்றாட வதையின் விலை மட்டும் இன்றும் இரண்டு டீ, ஒரு வடை. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கேட்டதோடு சரி.

மாநிலங்களவையில் இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் முதல் தலைவராக இருந்த விலங்கு நல வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது. அப்படிப்பட்ட ஊரில் வாயில்லா ஜீவனுக்காகப் பெருங்கூட்டம் ஏன் சேர்வதில்லை? நம் ஆர்வலர்கள் தெருவைவிட நீதிமன்றத்தையே அதிகம் நம்பினார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது வேலை முடிந்தது என்றிருந்தார்கள். 2017 ஜனவரியில் அந்தத் தடையை எதிர்த்து மெரினாவில் உட்கார்ந்தவர்கள் ஒரே வாரத்தில் சட்டசபையைத் திருத்தம் கொண்டுவரச் செய்தார்கள். 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஜல்லிக்கட்டு சரியா தவறா என்ற வழக்கை இங்கே மறுபடி எடுக்கவில்லை. ஒரு தரப்பு தமிழில் பேசியது; மறுதரப்பு ஆங்கிலத்தில் மனு எழுதியது. ஜனங்கள் யார் பக்கம் போவார்கள் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

தெருவில் நின்று விலங்குகளுக்காக வென்றவரும் உண்டு. நியூயார்க்கில் ஹென்றி ஸ்பைரா என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். முன்னாள் கப்பல் தொழிலாளி, தொழிற்சங்கத்தில் ஊறியவர். 1976இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகளின் மூளையையும் புலன்களையும் சிதைத்து, அவற்றின் பாலுறவு நடத்தையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அரசு மானியத்தில் நடந்த வேலை. ஸ்பைரா தகவல் பெறும் சட்டத்தைப் பயன்படுத்தி ஆராய்ச்சிக் கோப்புகளை வாங்கிப் படித்தார். பிறகு வார இறுதிதோறும் வாசலில் ஆட்களை நிறுத்தி, உள்ளே போகிறவர்களிடம் துண்டறிக்கை கொடுத்தார். இப்படி ஓராண்டுக்கு மேல். 1977இல் சோதனை நின்றது. உலகத்திலுள்ள சோதனைக்கூடங்களையெல்லாம் மூடு என்று அவர் கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் நடக்கும் இந்தச் சோதனையை நிறுத்து என்றார்.

அடுத்து அவர் பிடித்தது, முயல்களின் கண்ணில் ரசாயனம் விட்டுச் சோதித்த அழகுசாதன நிறுவனமான ரெவ்லானை. 1980இல் முயல் வேடமிட்டவர்கள் அதன் அலுவலகத்தின் முன் நின்றார்கள். ஆண்டு முடிவதற்குள், மாற்றுச் சோதனை தேடும் ஆய்வுக்காக ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் தர அந்நிறுவனம் முன்வந்தது. எதிராளி மானம் கெடாமல் இறங்கிவர ஒரு வழியை ஸ்பைரா எப்போதும் விட்டு வைத்தார். நம்மவர்கள் கற்க வேண்டியது முயல் வேடத்தையல்ல, இதை.

ஸ்பைராவுக்கு அந்த அருங்காட்சியகம் போல, நமக்கு அடிமாட்டு லாரி இருக்கிறது. 2015இல் திருத்திய மோட்டார் வாகன விதிப்படி வண்டியில் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம், தனித் தடுப்போடு வேண்டும். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளா போகும் வண்டியின் பின்னால் வாகனம் ஓட்டியவருக்கு அந்த விதியின் கதி தெரியும். எனவே கோரிக்கை இவ்வளவுதான்: கேரள எல்லையில் வாளையார், புளியரை சோதனைச் சாவடிகளில் இந்த விதி நடக்க வேண்டும். அளந்து பார்க்க ஒரு கால்நடை மருத்துவர், மாடுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி.

ஸ்பைராவைப் போலத் துண்டறிக்கையோடு அங்கே வரிசையாக நிற்போம். லாரியை மறிப்பதும் ஓட்டுநரை இறக்கி விசாரிப்பதும் நம் வேலையல்ல. மாட்டின் பெயரால் மனிதரை அடித்துக் கொல்லும் கும்பல்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. நாம் அவர்களில்லை என்பது துண்டறிக்கையின் முதல் வரியிலேயே தெரிய வேண்டும். மாட்டுக்கறி உண்பவர் நம் வரிசையில் நிற்கலாம். மாட்டு வியாபாரியும் நிற்கலாம். வண்டியில் மாடு குறைந்தால் வாடகை கட்டாது என்பார் அவர். உண்மைதான், அந்தக் கணக்கையும் அவரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

காவல்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குவோம். ரத்தம் சொட்டும் படங்கள் வேண்டாம்; பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கையில் ஓர் அளவு நாடா போதும். பொள்ளாச்சி, தென்காசி வட்டார வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். முதல் துண்டறிக்கையை இந்த இதழ் தன் செலவில் அச்சிட்டுத் தரும்.