மின்சாரப் பலகையில் பாடசாலைக்குப் போகலாமா?



பற்றரியில் ஓடும் ஸ்கேட்போர்ட் வீடியோக்கள் இப்போது பிள்ளைகளின் போன்களில் நிறைய ஓடுகின்றன. ஒரு இளைஞன் ரயிலிலிருந்து இறங்குகிறான். கக்கத்தில் இடுக்கியிருந்த பலகையைக் கீழே போடுகிறான். அதில் ஏறி நின்று, கையிலுள்ள ரிமோட்டை அழுத்தி, காரியாலய வாசல் வரைக்கும் போய்ச் சேர்கிறான். பெற்றோல் இல்லை, சத்தம் இல்லை, நிறுத்த இடம் தேடும் பாடும் இல்லை.

"சேர், இதில ஸ்கூலுக்கு வரலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவிடமோ நானாவிடமோ சொல்லி எடுப்பிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, புதிதாக நியமனம் பெற்று வந்த இளம் ஆசிரியர்கள் சிலரும் ஓய்வறையில் இதன் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பெரியவர்களிடமிருந்து இதற்கு இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. ஒன்று, "இதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்ற சிரிப்பு. மற்றது, "பிள்ளை ஆசைப்படுகிறான், எடுத்துக் கொடுப்போம்" என்ற இரக்கம். இரண்டுமே போதாது என்பது எமது கருத்து. அந்தப் பலகை ஓர் உண்மையான பிரச்சினைக்கு விடை சொல்கிறது. ஆனால் அந்த விடை எமது வீதிக்கு எழுதப்பட்டதல்ல.

முதலில் பிரச்சினையைப் பார்ப்போம்.

எம்மில் பலர் கற்பிப்பது பிரதான வீதியோரப் பாடசாலைகளில் அல்ல. பஸ் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து உள்ளே இரண்டு, மூன்று கிலோமீற்றர். காலை 7.30க்குக் கையொப்பம் வைக்க வேண்டும். பகல் 1.30க்கு உச்சி வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் படிப்பிக்கும் டீச்சர்மாரைக் கேட்டுப் பாருங்கள். முப்பது கிலோமீற்றர் பஸ் பயணத்தை விட அந்தக் கடைசி மூன்று கிலோமீற்றர்தான் அவர்களைக் களைப்படையச் செய்கிறது, சம்பளத்தையும் தின்கிறது.

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். போக 3, வர 3 என்று நாளுக்கு 6 கிலோமீற்றர். மாதத்தில் 20 பாடசாலை நாட்கள் என்றால் 120 கிலோமீற்றர். ஓட்டோவுக்குக் கிலோமீற்றருக்கு 100 ரூபா என்று வைத்தாலும் 12,000 ரூபா. மோட்டார் சைக்கிள் என்றால் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடுமென வைத்து, மூன்று லீற்றருக்குள் பெற்றோல் போதும். ஆனால் மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டியின் விலையும் எங்கேயோ ஏறிப் போனது எல்லோருக்கும் தெரியும். மின்சாரப் பலகையோ கிலோமீற்றருக்கு 10 முதல் 15 வாட்-மணி மின்சாரம்தான் எடுக்கும். 120 கிலோமீற்றருக்கு இரண்டு யூனிட் கூட வராது.

2022ஐயும் மறக்க முடியாது. அந்த வருடம் ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. வரிசையில் நின்று இரவைக் கழித்தவர்கள் எம் மத்தியில் இருக்கிறார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். பாடசாலைகள் மூடப்பட்டதற்கு ஒரு காரணம், ஆசிரியர்களாலும் பிள்ளைகளாலும் வந்து சேர முடியாமல் போனது. ஆகவே பெற்றோல் இல்லாமல் போய்வர ஒரு வழியைத் தேடும் இளைஞனைப் பார்த்துச் சிரிக்க எமக்கு உரிமை இல்லை.

இனி பலகையைப் பார்ப்போம்.

பார்வைக்கு அது சாதாரண சறுக்குப் பலகைதான். அடியில் லித்தியம் அயன் பற்றரி. சில்லுக்குள்ளேயே மோட்டார், அல்லது பெல்ட்டால் இழுக்கும் மோட்டார். சிறிய ரகங்கள் 5 முதல் 8 கிலோ வரை நிறை. வேகம் மணிக்கு 20 முதல் 35 கிலோமீற்றர் வரை. பிடித்துக்கொள்ள ஹேண்டில் இல்லை. உட்கார இருக்கை இல்லை. நிற்பவரின் கால்களும் உடல் சமநிலையும்தான் எல்லாம்.

சில்லைக் கவனியுங்கள். பெரும்பாலும் 8 முதல் 10 சென்ரிமீற்றர் விட்டம் கொண்டது. சைக்கிள் சில்லு 60 சென்ரிமீற்றருக்கு மேல். சைக்கிள் ஏறி இறங்கிப் போகும் சிறிய குழியில் இந்தச் சில்லு விழுந்து நிற்கும். பலகை நின்றுவிடும், மேலே நின்றவர் நிற்க மாட்டார். 25 கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் எறியப்படுவார்.

எமது கிழக்குக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று. நிலம் சமதரை, ஏற்ற இறக்கம் இல்லை. பலகைக்கு ஏற்ற ஊர்கள் போலத்தான் தெரியும். ஆனால் கடற்கரைப் பக்கத்து உள்வீதிகளில் கொங்கிரீட்டின் மேல் மணல் படிந்திருக்கும். சின்னச் சில்லுக்கு மணலில் பிடிமானமே கிடையாது. பிரதான வீதி காபட்தான், ஆனால் அங்கே பஸ், லொறி, ஓட்டோ, இரவில் படுத்திருக்கும் மாடுகள். நடைபாதை இருக்கும் இடத்தில் கடைச் சாமான் இருக்கும்.

மழையும் இருக்கிறது. எமக்கு மாரி என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. பாடசாலையில் மூன்றாம் தவணை நடக்கும் காலம். இந்தப் பலகைகளைச் செய்யும் நிறுவனங்களில் பல, ஈரத்தில் ஓட்ட வேண்டாம் என்றும் நீர் புகுந்தால் உத்தரவாதம் செல்லாது என்றும் எழுதித்தான் விற்கின்றன. வருடத்தில் மூன்று மாதம் வீட்டில் வைக்க வேண்டிய ஒன்றை "தினசரிப் பயண வாகனம்" என்று எப்படிச் சொல்வது?

மலைநாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பலகைகளில் பெரும்பாலானவற்றில் சைக்கிளில் இருப்பது போன்ற தனி பிரேக் இல்லை. மோட்டாரே பிரேக்காக வேலை செய்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்குள் திருப்பி அனுப்புகிறது. பற்றரி முழுதாக நிரம்பியிருக்கும்போது அந்தச் சக்தி போக இடமில்லாததால் சில பலகைகளில் பிரேக் பலவீனமாகும் அல்லது நின்றுவிடும். வீடு மேலே, பாடசாலை கீழே. இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறக்கத்தில் புறப்படும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எமது பாடசாலைகளில் கற்பிப்போரில் பெரும்பான்மையானோர் பெண்கள். சேலையோடும் அபாயாவோடும், கையில் கொப்பிக் கட்டோடும் வருகிறவர்கள். ஸ்கூட்டி அவர்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. தொங்கும் உடை சில்லில் சுற்றும் ஆபத்து அதிலேயே இருக்கிறது. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், நான்கு சில்லின் மேல் நின்று போகும் பலகை அவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல.

"இதெல்லாம் முன்னேறிய நாடுகளில் சாதாரணம்" என்று சொல்வோர் அந்த நாடுகள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியா 2016 ஜனவரியிலிருந்துதான் மோட்டார் பூட்டிய பலகைகளை வீதியில் அனுமதித்தது. அதுவும் 16 வயது நிறைந்தவர்களுக்கு, தலைக்கவசத்துடன், வேக எல்லையுடன். சிங்கப்பூரில் சைக்கிள் பாதைகள் தனியாக இருக்கின்றன. அப்படியிருந்தும் 2019 நவம்பரில் மின்சார ஸ்கூட்டர்களை நடைபாதைகளிலிருந்து விலக்கினார்கள். பிரித்தானியாவில் நடைபாதையில் வாகனம் ஓட்டுவதைத் தடுக்கும் 1835ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இந்தப் பலகைகளுக்குப் பொருந்துகிறது. சொந்த மின்சாரப் பலகையைப் பொது வீதியில் ஓட்டவும் அங்கே அனுமதி இல்லை.

எமது நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். திருத்தங்கள் வந்திருக்கின்றன. ஆனால் இப்படியொரு பொருளை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல அது. இலக்கத்தகடு இல்லாமல், சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல், காப்புறுதி இல்லாமல் மோட்டாரில் ஓடும் ஒன்று ஒரு மூதாட்டியை மோதினால் யார் பொறுப்பு? மருத்துவச் செலவை யார் கொடுப்பது? அந்தக் கேள்வி வாப்பாவின் தலையில்தான் வந்து விழும்.

பற்றரியைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 2016இல் அமெரிக்காவில் ஹோவர்போர்ட் எனப்படும் இரு சில்லுப் பலகைகள் 5 இலட்சத்துக்கும் அதிகமாகத் திருப்பி அழைக்கப்பட்டன. பற்றரி சூடாகித் தீப்பிடித்ததே காரணம். அதன் பிறகுதான் யூஎல் 2272 என்ற பாதுகாப்புத் தரம் பரவலாகப் பேசப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒற்றைச் சில்லுப் பலகையான ஒன்வீல் 3 இலட்சம் திருப்பி அழைக்கப்பட்டது. நான்கு மரணங்கள் அதில் குறிப்பிடப்பட்டன. தரமான பலகைகளைச் செய்த பூஸ்டட் நிறுவனம் 2020இல் மூடப்பட்டபோது அதை வாங்கியவர்கள் உதிரிப்பாகத்துக்கு அலைந்தார்கள். அமெரிக்காவிலேயே அந்த நிலை என்றால், எமது ஊரில் பற்றரி பழுதானால் எங்கே கொண்டுபோவது? சைக்கிள் டியூப் வெடித்தால் ஒட்டுவதற்குச் சந்திக்குச் சந்தி ஆள் இருக்கிறார்.

வளைகுடாவிலிருந்து வரும் உறவுகளுக்கும் ஒரு தகவல். விமானத்தில் 100 வாட்-மணி வரையான லித்தியம் பற்றரிக்குத்தான் பொதுவான அனுமதி. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணப் பொதியில் எடுக்கவே முடியாது. இந்தப் பலகைகளில் பல அந்த எல்லையைத் தாண்டியவை. சில விமான நிறுவனங்கள் எந்த அளவானாலும் ஏற்பதில்லை. வாங்கிவிட்டு விமான நிலையத்தில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

எமது இளம் ஆசிரியர் ஒருவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "இந்த நாட்டில் வருடம் 2,000 பேருக்கு மேல் வீதி விபத்தில் மரணிக்கிறார்கள். அதில் எத்தனை பேர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்? அதைத் தடுக்காமல் ஏன் பலகையைத் தடுக்கிறீர்கள்?" என்று.

உண்மைதான். ஆனால் அதே கணக்குத்தான் எம்மைப் பயமுறுத்துகிறது. வெளிச்சம், ஹோர்ன், இரண்டு பிரேக், தலைக்கவசம், அனுமதிப்பத்திரம் எல்லாம் இருக்கும் வண்டியில் போகிறவர்களையே காப்பாற்ற முடியாத வீதியில், இவை எதுவும் இல்லாத பிள்ளையை எப்படி இறக்கிவிடுவது?

இதில் இன்னொரு வேதனை இருக்கிறது. பலகை ஓடக்கூடிய காபட் வீதியில் பஸ் ஓடுகிறது. பஸ் ஓடாத இடத்தில் கிரவல் வீதி. அதாவது யாருக்கு இது மிகவும் தேவையோ அவருடைய பாதையில் இது ஓடவே ஓடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஆசிரியர்களுக்கு அழகல்ல. எமது ஆலோசனைகள் இவை.

முதலாவது, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மின்சாரப் பலகை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மூடிய மைதானத்தில், தலைக்கவசத்துடன், பெரியவர் ஒருவர் முன்னிலையில் விளையாடட்டும். இரவில் எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம்.

இரண்டாவது, அந்தப் பணத்தில் ஒரு நல்ல சைக்கிள் வாங்குங்கள். 2022இல் பெற்றோலும் இல்லை, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரமும் இல்லை. அப்போதும் ஓடியது சைக்கிள் ஒன்றுதான். தூரம் கூடியவர்களுக்கு பிரேக்கும் வெளிச்சமும் உள்ள, பதிவு செய்யக்கூடிய மின்சார இருசக்கர வண்டி பலகையை விடப் பொருத்தமானது.

மூன்றாவது, பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதில் இறங்க வேண்டும். நுழைவாயில் வளைவு கட்டுகிறோம், ஒலிபெருக்கி வாங்குகிறோம், நல்லது. கூரை போட்ட ஒரு சைக்கிள் தரிப்பிடமும், தூரத்துப் பிள்ளைகளுக்குப் பத்துச் சைக்கிளும் அதை விடக் கூடுதல் நன்மை தரும்.

நான்காவது, பிரதேச சபை உறுப்பினர்களிடம் கேளுங்கள். சந்தியிலிருந்து பாடசாலை வரையான அந்த இரண்டு கிலோமீற்றரைச் செப்பனிடுங்கள், நடைபாதையை நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று. சிசு செரிய பஸ் வராத பாதைகளுக்கு அதைக் கேட்டுப் பெறுவோம்.

ஐந்தாவது, சிறிய மின்சார வாகனங்களுக்கென்று தெளிவான விதி ஒன்றை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் கொண்டுவர வேண்டும். எந்த வயது, எந்த வேகம், எந்த வீதி என்று. பற்றரிக்கான தரத்தை இலங்கை கட்டளைகள் நிறுவனம் சொல்ல வேண்டும். விபத்து நடந்த பிறகு வரும் தடையை விட, முன்கூட்டியே வரும் விதி நல்லது.

நாளை வீதி திருந்தி, சட்டம் வந்து, மணலில் வழுக்காத, மழையைத் தாங்கும் ஒரு பலகை வந்தால் அதை வரவேற்கும் முதல் ஆட்களாக நாமே இருப்போம். இன்றைக்கு எமது பிள்ளைகள் பாடசாலைக்கு வரும்போது இருந்தபடியே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். அதற்குத்தான் இத்தனையும் எழுதினோம்.

உங்கள் ஊரில் சந்தியிலிருந்து பாடசாலைக்கு எவ்வளவு தூரம், ஆசிரியர்களும் பிள்ளைகளும் எப்படி வந்து போகிறார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். திரட்டி உரியவர்களிடம் கொடுக்க அது உதவும். பெற்றோர்களின் வட்ஸ்அப் குழுமங்களிலும் பகிர்ந்துகொள்ளுங்கள்.