கணக்கின் மீது பழி போடாதீர்!

கணக்கு கடினமானது, காப்பீடு அதனினும் கடினமானது, ஆகவே காட்டிய இடத்தில் கையெழுத்திடுக, கேட்ட தொகையைக் கட்டுக! மருத்துவமனைகளிலே பணம் செலுத்துமிடத்தில் இன்று ஓதப்படும் உபதேசம் இது. நாம் கேட்கிறோம்: கடினம் கணக்கிலா இருக்கிறது?

‘விகிதாசாரக் கழிவு’ என்றொரு சொற்றொடர் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றிலே பதுங்கிக் கிடக்கிறது. அதன் பொருளைப் பாருங்கள். காப்பீட்டுத் தொகை 3 இலட்ச ரூபாய். அறை வாடகைக்கு வரம்பு, நாளொன்றுக்கு அதில் நூற்றுக்கு ஒன்று. அதாவது 3,000 ரூபாய். கிடைத்த அறையின் வாடகையோ 6,000 ரூபாய். ஐந்து நாள் தங்கினால் 15,000 ரூபாய்தானே மிகுதி, கடன் வாங்கியேனும் கட்டிவிடுவோம் என்று குடும்பம் எண்ணுகிறது. இறுதி நாளில் இடி விழுகிறது! வரம்பு வாடகையில் பாதிதான். எனவே மருத்துவர் கட்டணத்திலும் அறுவை அரங்கக் கட்டணத்திலும் பாதியே தருவோம் என்கிறது நிறுவனம். அவை 1,20,000 ரூபாயானால் 60,000 ரூபாய் குடும்பத்தின் தலையில். 15,000 என்று எண்ணியவர் 75,000 ரூபாய்க்குத் தாலியை அடகு வைக்க ஓடுகிறார்.

இதிலே உள்ள கணிதம் யாது? ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்! திண்ணைப் பள்ளியிலே எண்சுவடி படித்து, ஒன்றை 320 கூறாக்கி ‘முந்திரி’ என்று பெயரிட்டுக் கணக்கிட்டவர்களின் பேரப்பிள்ளைகளா ‘பாதி’யைக் கண்டு மிரளுவர்?

கணிதத்துக்கும் தனிமொழி உண்டு, மறுப்பாரில்லை. ஆனால் அங்கே வரையறை முதலில், வழக்கு பின்னர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். கற்றவர் எவரும் சரிபார்க்கலாம். ஆசிரியரின் பிழையை மாணவரே சுட்டலாம். காப்பீட்டு மொழியிலோ சொல் ஒரு பக்கம், வரையறை வேறொரு பக்கம், பொருள் விளங்குவது பணம் கட்டும் நாளில்!

விதிகள் இல்லாமலில்லை. மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றின் செலவில் இக்கழிவு கூடாது, அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனைகளிலும் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் வகுத்தது. ஒப்பந்தச் சுருக்கத்தைக் கூறும் தகவல் தாளை, விரும்பிக் கேட்டால் உள்ளூர் மொழியிலும் தரவேண்டும் என்ற விதி 2024 சனவரி முதல் நடப்புக்கு வந்தது. கேட்டால் தருவார்களாம்! கேட்கலாம் என்பதையே அறியாதவர் எங்ஙனம் கேட்பார்?

உயர்ந்த அறைக்கு மருத்துவமனை எல்லாக் கட்டணத்தையும் உயர்த்துகிறது, நாங்கள் என் செய்வோம் என்பர் நிறுவனத்தார். அப்படியாயின் மருத்துவமனையைக் கேட்கிறோம்: அதே மருத்துவர், அதே கத்தி, அதே மேசை, நோயாளி படுக்கும் அறை மாறினால் அறுவையின் விலை மாறுவானேன்? நிறுவனத்தாரையும் கேட்கிறோம்: அறிந்த உண்மையை அறை ஒதுக்கும் முன்னரே உரைக்க வாய் வராதது ஏன்?

சலுகை கேட்கவில்லை நாம், கணக்கைக் கேட்கிறோம். இந்த அறையை எடுத்தால் உம் கையிலிருந்து இவ்வளவு போகும் என்று, ஒரே தாளில், தமிழில், எண்ணோடு எழுதித் தருக. அதன் பின்னர் கையெழுத்தைக் கேளுங்கள். வகுத்தலும் பெருக்கலும் எம் மக்களுக்குத் தெரியும். மறைத்தலை நீங்கள் விட்டால் போதும்!