மீனுக்குப் பூச்சியியல் பட்டம் கொடுத்தது யாரு?

ட்ரவுட் பிடிக்கிறவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணெதிரே மீன் மேல வந்து பூச்சி பூச்சியா முழுங்கிட்டு இருக்கும். நம்ம ட்ரை ஃப்ளையை மட்டும் சீண்டாது. உடனே டப்பாவைத் திறப்பாங்க. பழுப்பைக் கழட்டி மஞ்சள், மஞ்சளைக் கழட்டி ஆலிவ், அப்புறம் பேரே வாயில நுழையாத ஒண்ணு. அரைமணி நேரத்துல ஒன்பது பூச்சி மாத்தி, "இந்த மீனுங்க ரொம்ப விவரம்பா"ன்னு பெருமூச்சு வேற.

(ட்ரை ஃப்ளைன்னா இறகும் ரோமமும் கட்டி, தண்ணி மேல மிதக்கிற தூண்டில் முள். "உலர் ஈ"ன்னு தமிழ்ப்படுத்தினா கருவாட்டுக் கடை ஞாபகம் வருது, அதனால அப்படியே விட்டுட்டேன்.)

விவரமாவது ஒண்ணாவது! அதோட மூளை பட்டாணி அளவு கூட தேறாது. அது பூச்சியோட லத்தீன் பேரைப் பார்த்து நிராகரிக்கலை. நீங்க போட்ட பூச்சி தண்ணியோட போகாம, கயிறு கட்டி இழுத்த மாதிரி போகுது. அதான் விஷயம்.

இந்த டப்பா பக்திக்கு மூலவர் ஹால்ஃபோர்டு. தென் இங்கிலாந்துல டெஸ்ட் ஆத்தங்கரையில உக்காந்து, 1886-ல மிதக்கும் பூச்சிகளைப் பத்திப் புத்தகம் போட்டவர். ஆத்துல இருக்கிற பூச்சியை அச்சு அசலா கட்டணும்ங்கறது அவர் கட்சி. 1910-ல ஸ்க்யூஸ் வந்து, "ஐயா, மீன் பாதி நேரம் தண்ணிக்கு அடியில இருக்கிற பூச்சியைத்தானே தின்னுது"ன்னு எழுதினார். 1938-ல லண்டன் கிளப்புல அவரைக் கூப்பிட்டு வெச்சு விவாதம்ங்கற பேர்ல பஞ்சாயத்தே நடத்தினாங்க. ஹால்ஃபோர்டு 1914-லயே போய்ச் சேர்ந்துட்டார். அவர் சிஷ்யகோடிகள் இன்னும் கடை கடையா உக்காந்திருக்காங்க. புதுசா ஆத்துக்கு வந்த ஒரு பையன் தலையில ஒரு கடைக்காரர் நாற்பது ஃப்ளை கட்டினதை நானே பார்த்தேன். லீடரை எவ்வளவு நீளம் விடணும்னு ஒரு வார்த்தை சொல்லலை. அந்தப் பையன் மூணு மாசத்துல கம்பை வித்துட்டான். எனக்கு வயித்தெரிச்சல் அங்கதான்.

சரி, மீன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா என்ன பார்க்கணும்?

முதல்ல இழுவை. உங்களுக்கும் மீனுக்கும் நடுவுல தண்ணி ஒரே வேகத்துல ஓடறதில்லை. நடுவுல வேகமான ஓட்டம் லைனைத் தள்ளும், லைன் பூச்சியை இழுக்கும். பெருசா இழுத்தா நமக்கே தெரியும், வால் மாதிரி கோடு விழும். ஒரு அங்குலம், அரை அங்குலம் இழுத்தா முப்பது அடி தள்ளி நிக்கிற நமக்குத் தெரியாது. நேர் கீழ நிக்கிற மீனுக்குத் தெரியும். டிப்பெட்டை ரெண்டு அடி நீட்டுங்க. லைன் விழறதுக்கு முன்னாடி கம்பை மேலோட்டம் பக்கம் சாய்ங்க. அதுவும் போதலைன்னா ரெண்டு எட்டு நகர்ந்து நில்லுங்க. இந்த மூணும் ஓசி. ஓசிங்கறதாலதானோ என்னவோ எவனும் சொல்ல மாட்டேங்கிறான்.

அடுத்தது மீன் எங்க வாயைத் திறக்குதுன்னு. மூக்கு வெளிய வந்து, போன இடத்துல ஒரு குமிழி நின்னா, மேல இருக்கிறதைத்தான் எடுத்திருக்கு. முதுகும் வாலும் மட்டும் தெரிஞ்சு மூக்கு தெரியலைன்னா, தோலை உரிச்சுக்கிட்டு மேல ஏறத் தவிக்கிற பூச்சியைத் தண்ணிக்குச் சற்று கீழயே எடுக்குது. அங்க போய் நெட்டுக்குத்தா மிதக்கிற அழகுப் பூச்சியை எத்தனை கலர்ல போட்டாலும் வேலைக்காகாது. ஹேக்கிளோட அடிப்பக்கத்தைக் கத்தரிச்சு விடுங்க, உடம்பு தண்ணியில படியட்டும். வயித்துப் பக்கம் தண்ணிக்குள்ள தொங்குற மாதிரி ஹான்ஸ் வான் க்ளிங்கன் 1980-கள்ல க்ளிங்க்ஹாமர்னு ஒண்ணு கட்டினாரே, அது எடுபட்ட காரணம் இதுதான்.

மூணாவது சைஸ். பதினாறு போட்டிருந்தா இருபது போடுங்க. கலர் கடைசி, கடைசிக்கும் கடைசி. மீன் கீழயிருந்து வானத்தைப் பார்க்குது. வெளியுலகம் அதுக்கு சுமார் 97 டிகிரி வட்ட ஜன்னல் வழியாத்தான் தெரியும். பத்து சென்டிமீட்டர் ஆழத்துல நின்னா அந்த வட்டம் குறுக்குவாட்டுல 23 சென்டிமீட்டர்தான். வட்டத்துக்கு வெளிய கண்ணாடி மாதிரி பளபளப்பு, அதுல குத்தி நிக்கிற பாகம் மட்டும் தெரியும். உள்ள வந்தாலும் வெளிச்சத்துக்கு எதிரா நிழலுருவம்தான். இதுல ஆலிவா, வெளிர் ஆலிவான்னு சண்டை!

"பென்சில்வேனியா லெடோர்ட்ல வந்து பேசு, அங்க மீன் பொறுக்கித்தான் தின்னும்"பாங்க. ஒத்துக்கறேன், பொறுக்கும். ஆனா அதே லெடோர்ட்ல மாரினாரோ என்ன பண்ணினார்? கண்ணுக்கே தெரியாத தத்துப்பூச்சியை மீன் தின்னுதுன்னு கண்டுபிடிச்சு, குட்டி முள்ளுல ஹேக்கிள் சுத்தி, மேலயும் கீழயும் வெட்டி, முதுகுல ஒரே ஒரு காட்டுக்கோழி இறகைப் படுக்க வெச்சார். காலை, வாலை, றெக்கையைத் தனித்தனியா செதுக்கலை. அளவும் நிழலுருவமும் போதும்னு விட்டார். (அந்த இறகு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை சாம்பல் காட்டுக்கோழியோட கழுத்து இறகு. எங்க பொறந்தது எங்க போய் மிதக்குது பாருங்க.)

1922-ல மிச்சிகன்ல லென் ஹாலடே கட்டின ஆடம்ஸ், குறிப்பா எந்தப் பூச்சி மாதிரியும் இல்லாத சாம்பல் உருண்டை. இன்னிக்கும் டப்பா டப்பாவா விக்குது. அச்சு அசல் கட்சிக்காரங்க இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

இன்னொண்ணு. மாத்தி மாத்திப் போட்டும் கிடைக்காதவங்க கடைசியா போய் நிக்கிறது தலைமுடி மாதிரி டிப்பெட்ல. அதுல மாட்டின மீனை அறுந்துடுமோன்னு பயந்து பத்து நிமிஷம் இழுத்தடிக்கிறாங்க. ஆகஸ்ட்ல தண்ணி 20 டிகிரி தாண்டினப்புறம் அப்படி இழுத்து, போட்டோ எடுத்து விட்ட மீன் நீந்திப் போற மாதிரிதான் தெரியும். பின்னால செத்து மிதக்கலாம், அதைப் பார்க்க நாம அங்க இருக்க மாட்டோம். தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க, நாலு ஃப்ளை காசுதான்.

நின்ன இடத்தை மாத்தி, டிப்பெட்டை நீட்டி, அடியைக் கத்தரிச்சு, சைஸைக் குறைச்சு, அப்புறமும் வரலையா? இப்போ டப்பாவைத் திறங்க, சண்டைக்கு வரமாட்டேன்.