இல்லை என்பதையும் வழிகாட்டிச் சொல்வோம்



நூலகத்தில் ஒரு நூலைக் கேட்கிறீர்கள். ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் கூறிவிட்டு நூலகர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உங்கள் மனம் என்ன பாடுபடும்? மாறாக, ‘அந்த நூலை மாடிக்கு மாற்றியிருக்கிறோம், அங்கும் கிடைக்காவிட்டால் இதே பொருள் பற்றிய வேறொரு நூல் தருகிறேன்’ என்று அவர் சொன்னால்? கேட்ட இடத்தில் நூல் இல்லை என்பதே இரண்டு விடைகளுக்கும் பொருள். ஆனால் முதல் விடை உங்களைத் திருப்பி அனுப்புகிறது; இரண்டாவது விடை உங்களுக்கு வழிகாட்டுகிறது.

இணையத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை விடைதான். ஒரு பக்கத்தைத் தேடிப் போகிறோம். ‘404’ என்ற எண்ணும், புரியாத ஓர் ஆங்கில வரியும் திரையில் தோன்றுகின்றன. இந்த நிலை மாற வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் இந்த எண்ணின் பொருளைப் பார்ப்போம். நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது உங்கள் உலாவி, அப்பக்கத்தை வைத்திருக்கும் சர்வர் என்ற கணினிக்கு வேண்டுகோள் அனுப்புகிறது. சர்வர் தன் விடையுடன் மூன்று இலக்க எண் ஒன்றையும் சேர்த்து அனுப்பும். அவ்வெண் 2இல் தொடங்கினால் காரியம் நிறைவேறியது. 3இல் தொடங்கினால் வேறிடம் செல்ல வேண்டும். 4இல் தொடங்கினால் வேண்டுகோளில் குறை. 5இல் தொடங்கினால் சர்வரிலேயே கோளாறு. 404 என்றால் கேட்ட பக்கம் கிடைக்கவில்லை என்று பொருள்.

பக்கங்கள் ஏன் காணாமற்போகின்றன? இதற்கான விடை வலையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு வலைக்கான திட்டத்தை எழுதினார். எவரும் எவருடைய பக்கத்திற்கும் அனுமதி கேளாமலே இணைப்புக் கொடுக்கலாம் என்பது அவர் வகுத்த முறை. எல்லா இணைப்புகளையும் கண்காணிக்கும் தலைமைப் பதிவேடு ஏதும் இதில் கிடையாது. வலை உலகெங்கும் விரைந்து பரவியதற்கு இந்தச் சுதந்திரம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஒருவர் தம் பக்கத்தை நீக்கினாலோ இடம் மாற்றினாலோ, அதைச் சுட்டுகின்ற மற்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேராது. ஆகவே 404 என்பது அந்தச் சுதந்திரத்திற்கு நாம் கொடுக்கும் விலை எனலாம்.

அந்த விலை சிறியதன்று. 2013ஆம் ஆண்டில் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். பழைய இணைப்பை நம்பி வந்த மாணவி ‘404’ என்ற எண்ணைக் கண்டு திரும்பிவிட்டால், அவள் இழப்பது ஓராண்டுப் படிப்பாகவே இருக்கலாம்.

‘பக்கங்கள் காணாமற்போகாமல் பார்த்துக்கொண்டால் போதாதா? பிழைப் பக்கத்திற்கு ஏன் இவ்வளவு அக்கறை?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இடம் மாறிய பக்கத்திற்கு 301 என்ற எண்ணுடன் புதிய முகவரியைத் தெரிவித்தால், உலாவி தானாகவே அங்கே சென்றுவிடும். குடிமாறியவரின் கடிதத்தைப் புது விலாசத்திற்குத் திருப்பிவிடும் அஞ்சல் முறை போன்றது இது. இதை அவசியம் செய்ய வேண்டும். ஆனால் முகவரியில் ஓர் எழுத்தைத் தவறாக அடிப்பவர்களை யார் தடுப்பது? பிறர் தவறாகக் கொடுத்த இணைப்புகளை யார் திருத்துவது? எனவே எவ்வளவு கவனமாக நடத்தப்படும் தளத்திற்கும் நல்ல பிழைப் பக்கம் ஒன்று தேவை.

நல்ல பிழைப் பக்கம் எது? நீங்கள் கேட்ட பக்கம் இங்கே இல்லை என்பதை அது வாசகரின் மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர்மீது பழி சுமத்தக் கூடாது. குறை பெரும்பாலும் தளத்தாருடையதாகவும் இருக்கலாம் அல்லவா? தேடுவதற்கு ஒரு பெட்டி, முகப்புக்கும் முக்கியப் பகுதிகளுக்கும் இணைப்புகள், குறையைத் தெரிவிக்க ஒரு வழி ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். மெதுவான இணைப்பிலும் விரைந்து திறக்குமாறு பெரிய படங்களைத் தவிர்க்க வேண்டும்.

சில தளங்கள் காணாத பக்கத்தைக் கேட்பவர்களையெல்லாம் ஒன்றும் சொல்லாமல் முகப்புக்குத் தள்ளிவிடுகின்றன. வேறு சில, ‘இல்லை’ என்று திரையில் எழுதிவிட்டு, ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 என்ற எண்ணை அனுப்புகின்றன. இரண்டும் தவறு என்பேன். முதலாவது மனிதரைக் குழப்புகிறது. இரண்டாவது, அப்பக்கம் இருப்பதாகத் தேடுபொறிகளை நம்பவைக்கிறது. மனிதருக்கு அன்பான சொல், இயந்திரத்திற்கு உண்மையான எண்: இதுவே சரியான முறை.

இதைச் செய்வது கடினமன்று. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் அமைப்புக் கோப்பில் ஒரே வரி எழுதினால் போதும். கிட்ஹப் பேஜஸ் சேவையில் 404.எச்டிஎம்எல் என்ற பெயருள்ள கோப்பைத் தளத்தின் முதல் அடைவில் வைத்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிழைப் பக்கம் எந்த உள் அடைவின் முகவரியிலும் தோன்றக்கூடும். ஆகவே அதிலுள்ள படங்களுக்கும் இணைப்புகளுக்கும் தளத்தின் வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் வழிகாட்ட வந்த பக்கமே வழி தவறிவிடும்! சர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டை வாரம் ஒருமுறை பாருங்கள். எந்தெந்தப் பக்கங்களைத் தேடி வந்து எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்பதை அது காட்டிவிடும்.

இனி உங்களுக்கு ஒரு சோதனை. உங்கள் பள்ளியின் இணையதள முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடும், பொருளற்ற நான்கைந்து எழுத்துகளும் சேர்த்துத் திறந்து பாருங்கள். திரையில் வருவது வெறும் எண்ணும் ஆங்கில வரியும்தானா? அப்படியானால் நண்பர்களுடன் கூடித் தமிழில் ஒரு நல்ல பிழைப் பக்கம் எழுதுங்கள். கணினி ஆசிரியரிடம் காட்டி, அதைத் தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வழி தவறி வரும் அடுத்த மாணவர் உங்களால் வழி காண்பார்.