பிரிண்டர் தமிழ் எடுக்காதாம்!

கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுத் தர்றவங்ககிட்ட "பில்லு தமிழ்ல வருமா?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே பதில்தான்: "சார், பிரிண்டர் தமிழ் எடுக்காது." பழியைத் தூக்கி பிரிண்டர் மேல போட்டாச்சு. அதால வாய் திறந்து பேச முடியாது, அதனால நான் பேசறேன்.

மளிகைக் கடையில இருக்கிற சின்ன தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலும் எப்சனின் எஸ்க்-பாஸ் கட்டளைகளைத்தான் புரிந்துகொள்கின்றன. அதில் 'எஸ்கேப் &' என்று ஒரு கட்டளை. நாமே புள்ளி வைத்து வரைந்த எழுத்தை பிரிண்டர் நினைவகத்தில் ஏற்றலாம். 'எஸ்கேப் %' போட்டால் நம் எழுத்து, எடுத்தால் பழைய ஆங்கில எழுத்து. சாதாரண அளவில் ஓர் எழுத்துக்கு 12 புள்ளி அகலம், 24 புள்ளி உயரம். 36 பைட்டில் ஒரு 'க' ரெடி. (மலிவு மாடல்னா கையேட்டை ஒரு தடவை பார்த்துக்குங்க.)

சிக்கல் இல்லாம இல்லை. கிடைக்கிற இடம் 32 முதல் 126 வரை, மொத்தம் 95. நமக்கோ 247 எழுத்து. கால், கொம்பு, இணைக்கொம்பையெல்லாம் தனியாப் பிரிச்சாலும் 120-ஐத் தாண்டுது. அப்புறம் ஜ, ஸ வேற. ஆனா ஒரு பில்லுக்கு எல்லா எழுத்தும் எதுக்கு? அந்த பில்லில் வர்ற எழுத்துக்களை மட்டும் ஏற்றினால் போதும். ஙூ-வில் ஆரம்பிக்கிற மளிகை சாமான் எதுவும் எனக்குத் தெரியலை :-) 12 புள்ளிக்குள்ள 'ணூ' மூச்சுத் திணறும்தான். அதுக்கு ரெண்டு கட்டம் கொடுத்துடலாம்.

இன்னொண்ணு, இந்த நினைவகம் கரண்ட் போனா காலி. 'எஸ்கேப் @' அனுப்பினாலும் காலி. அப்புறம் 'அரிசி' இருக்க வேண்டிய இடத்துல சம்பந்தமில்லாம நாலு ஆங்கில எழுத்து விழும். காலையில் ஒரு தடவை ஏற்றிவிட்டு மறந்துவிடும் நிரல் நம்ம ஊர் மின்வெட்டுக்கு ஆகாது. ஒவ்வொரு பில்லுக்கும் ஏற்றணும். மேக்ரோவும் அப்படித்தான். 'ஜிஎஸ் :' போட்டு கடை பேர், முகவரி எல்லாம் பதிந்து வைத்து 'ஜிஎஸ் ^' என்று கூப்பிடலாம். அது 'எஸ்கேப் @'-க்குத் தப்பிக்கும், மின்வெட்டுக்குத் தப்பிக்காது.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, படமா அனுப்பிடலாமே?" நியாயமான கேள்வி. 9600 வேகத்தில் சீரியல் கேபிள் இருந்தா அதுல அர்த்தம் இல்லை. 576 புள்ளி அகலத்தில் ஒரு வரி படமாகப் போனால் 1728 பைட், ஏறக்குறைய 1.8 விநாடி. 20 வரி பில்லுக்கு 36 விநாடி. வரிசையில நிக்கிறவங்க திட்டுவாங்க. எழுத்தாக ஏற்றினால் 95-ம் சேர்ந்தே 3420 பைட்தான், நாலு விநாடிகூட ஆகாது. ஆனா இன்னிக்கு யூ.எஸ்.பி. இருக்கு, நெட்வொர்க் இருக்கு. யுனிகோடு தமிழை கம்ப்யூட்டரே அழகா வரைந்து, படமா அனுப்பிடலாம். கொம்பு முன்னாடி வருதா பின்னாடி வருதான்னு பிரிண்டருக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையே இல்லை. என் ஓட்டு இதுக்குத்தான். பழைய சீரியல் பிரிண்டருக்கு மட்டும் 'எஸ்கேப் &'.

மாறாத கடை லோகோவுக்கு மட்டும் கரண்ட் போனாலும் அழியாத நினைவகம் இருக்கு. அதில் அடிக்கடி எழுதினா தேயும், ஒரு நாளைக்கு 10 தடவைக்கு மேல் எழுதாதீங்கன்னு எப்சனே சொல்லுது. பில்லு பில்லுக்கு அங்கே தமிழை ஏற்றலாம்னு கிளம்பிடாதீங்க.

'டிஹெச்விஆர்எம் பிஆர்பி 500'னு ஆங்கிலத்துல சுருக்கி அடிச்ச வரி துவரம்பருப்புன்னு, தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வாங்காத சாமானுக்குக் காசு போயிருந்தாலும் அவங்களால கேட்க முடியாது. அதே பில்லு தலையில பிள்ளையார் தும்பிக்கை வளைவு உட்பட புள்ளி பிசகாம உட்கார்ந்திருக்கார். அடுத்த முறை "தமிழ் எடுக்காது"ன்னு சொன்னாங்கன்னா, அந்தப் பிள்ளையாரைக் காட்டி "இவர் எந்த மொழி சார்?"னு கேளுங்க.