கூடமே கோணலோ?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. தன் குறையைப் பிறிதொன்றின்மேல் ஏற்றுவாரை இடித்துரைக்கும் இம்மொழி பெரும்பாலும் மெய்யே. எனினும் கூடம் உண்மையிலேயே கோணலாயிருத்தலும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள சதுர நடனக் கழகங்களின் நிலையை ஆராயுங்கால் நமக்கு இவ்வெண்ணமே எழுகின்றது.

சதுர நடனமாவது, நான்கு இணையராகிய எண்மர் ஒரு சதுரத்தின் நாற்புறத்தும் நின்று, கட்டளை கூறுவார் இசைக்கியைய உரைக்கும் சொற்கேட்டு ஆடுவதாம். அடுத்து வருங் கட்டளை யாதென ஆடுவோர் முன்னறியார். ஆகலின் கட்டளைகள் யாவும் நெஞ்சிலும் காலிலும் ஒருங்கே பதிந்திருத்தல் வேண்டும். ஒருவர் தடுமாறின் எண்மரும் நிற்பர்.

லாயிட் ஷா என்னும் கொலராடோ ஆசிரியர் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும், அவர் நடத்திய பயிற்சிகளும் இக்கலைக்குப் புத்துயிரளித்தன. 1952ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய மாநாடு, 1976ஆம் ஆண்டில் அனஹைம் நகரிற் கூடியபோது ஏறக்குறைய 40,000 பேரை ஈர்த்தது. அண்மை ஆண்டுகளிலோ சில ஆயிரவரே அம்மாநாட்டிற் கூடுகின்றனர். கழகங்கள் பலவற்றில் முதியோர் மிக்கும் இளையோர் அருகியும் இருக்கக் காண்கிறோம்.

காலம் மாறிற்று, தொலைக்காட்சி வந்தது, மக்களுக்கு ஓய்வில்லை என்பர் சிலர். இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கழகத்தார் தம் வாயிலையும் சற்றே நோக்குதல் நன்று. பழைய முறைப்படி பயிற்சி ஆண்டிற்கொருமுறை செப்டம்பர்த் திங்களில் தொடங்கும். வாரமொருமுறையாக வசந்தகாலம் வரை நீளும். ‘மெயின்ஸ்ட்ரீம்’ என்னும் படியை எய்துதற்கு ஏறக்குறைய 70 கட்டளைகள் கற்றாக வேண்டும். ஜனவரியில் ஆர்வத்தோடு வருவானொருவனை, “செப்டம்பரில் வருக” என்று திருப்பியனுப்பினால், அவ்வார்வம் எட்டுத் திங்கள் அணையாதிருக்குமோ?

கற்றுத் தேறியபின்னும் இடர் ஒழிந்தபாடில்லை. முதிர்ந்தோர் ‘பிளஸ்’ என்னும் மேற்படிக்கு ஏறிவிடுகின்றனர்; அதற்கு மேலும் 30 கட்டளைகள் அளவிற் பயிலல் வேண்டும். அவர்கள் தம்முள்ளே சதுரமமைத்து ஆட, புதியவன் சுவரோரத்து நாற்காலியில் அமர்ந்து பார்த்திருப்பான். இங்ஙனம் இரண்டு மாலைகள் கழியின் மூன்றாம் மாலை அவன் வாரான். விளம்பரத்தால் வந்தவனை விளம்பரத்தால் நிறுத்தல் இயலாது. கைகோத்து ஆடுவாரே நிறுத்த வல்லார்.

தகுதியைத் தாழ்த்தினாற் கலை கெடுமே எனச் சிலர் அஞ்சுவர். இவ்வச்சம் பொருளற்றதன்று, வல்லார்க்குத் தம் ஆற்றலுக்கேற்ற ஆட்டம் வேண்டுவதே. அதற்கென ஒரு மாலையைத் தனியே ஒதுக்குக. எல்லா மாலையையும் அவர்க்கே உரிமையாக்கல் நேரிதன்று. கட்டளை கூறுவோர் சங்கமாகிய ‘காலர்லாப்’, 2020ஆம் ஆண்டையொட்டி, சுமார் 50 கட்டளைகளைப் பன்னிரண்டு வாரங்களிற் கற்பிக்கும் குறுகிய பாடத்திட்டமொன்றை வகுத்திருப்பது இவ்வகையிற் பாராட்டத்தக்கது. இதனைக் கைக்கொள்ளுங் கழகங்கள் ஆண்டில் இருமுறை மும்முறை வாயில் திறக்கலாம். பகட்டான பாவாடையும் நீண்ட கையுடைச் சட்டையும் அணிந்தே வருக, துணையோடே வருக என்னும் பழைய நிபந்தனைகளைப் பல கழகங்கள் தளர்த்தியிருப்பதும் நன்றே.

ஆயினும் விதிகளைத் திருத்துவதனினும் அரியது மனத்தைத் திருத்துவது. ‘ஏஞ்சல்’ என்னும் பெயரால், கற்போர் சதுரத்திற் புகுந்து உடனாடித் துணைசெய்யும் மூத்தோர் பலர் ஆங்குளர். அவர் தொண்டு பயிற்சி வகுப்போடு முடிந்துவிடலாகாது. கழகத்தில் ஆடும் மாலைதோறும் ஒவ்வொரு மூத்தவரும் ஒருமுறையேனும் புதியவர் நிற்குஞ் சதுரத்தை நாடிச் செல்வதை வழக்கமாக்கிக்கொள்வாராக.

மேடையிற் பாடுவோன் ஒருவனாகவும் பாடலாம். சதுர நடனமோ எண்மரின்றி நிகழாது. எழுவர் எத்துணை வல்லுநராயினும் எட்டாமவர் வாராவிடிற் சதுரமில்லை. அவ்வெட்டாமவர் இன்று தடுமாறும் புதியவரே என்பதைக் கழகங்கள் மறவாதிருத்தல் வேண்டும்.